இல்லீங்க சாமி

வேடியப்பன் ரைஸ் மில்லிலிருந்து நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். அடி அண்ணாமலை ஏரிக்கரையை ஒட்டிப் பதினோரு குடிசைகள் இருந்தன. அவனுடையது கடைசி. கிழக்கே மலை நின்றதால் அங்கே வெயில் தாமதமாகத்தான் வரும். அன்றைக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஆனி மாதக் காற்று மட்டும் கிளம்பியிருந்தது.

நாற்காலியை இறக்கி வாசலில் வைத்தான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னாய்யா, ஒரு காலு குட்டையா கீது?" என்றாள் அவன் மனைவி கன்னியம்மாள்.

"மேஸ்திரி இதத்தான் குடுத்தாரு. மூணு காலு நல்லாத்தான கீது."

"வர்றவரு பெரிய படிப்பு படிச்சவரு. கீழ உழுந்து வெச்சார்னா?"

"அப்ப நீ போயி தாசில்தார் நாற்காலிய கேட்டு வாங்கினு வா."

அவர்கள் மகள் ரேணுகாம்பாள் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் குட்டைக் காலுக்குக் கீழே செருகினாள். உட்கார்ந்து பார்த்தாள். எழுந்து, இன்னொரு துண்டு வைத்தாள்.

அது எண்பத்திரண்டாம் வருஷம், ஜூலை ஒன்பது. ரேணுகா பிளஸ் டூ தேறியிருந்தாள். ஏரிக்கரைக் குடிசைகளில் அவ்வளவு படித்தவர்கள் வேறு யாருமில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று அவளுக்குக் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழோடு பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். தாசில்தாரிடம் மூன்று முறை போனார்கள். இருளர் என்று சொல்லிக்கொண்டு யார் யாரோ வருகிறார்கள், எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது என்றார் அவர். சென்னையிலிருந்து ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் பழங்குடிகளைப் பற்றி ஆராய்வதற்கு வந்து பயணியர் விடுதியில் தங்கியிருக்கிறார், அவர் பார்த்து இருளர்தான் என்று எழுதிக் கொடுக்கட்டும், அன்றைக்கே தருகிறேன் என்றார்.

அந்தப் பேராசிரியர்தான் வருகிறார்.

ஏற்பாடு செய்தவர் ராஜமாணிக்கம். ரேணுகாவின் பள்ளி வாத்தியார். முந்தின நாள் சாயங்காலம் சைக்கிளில் வந்து, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்று சொன்னார்.

"சார் நல்ல மனுஷன். பயப்படாதீங்க. இருக்கறத இருக்கற மாதிரி சொல்லுங்க."

"சரிங்க சார்" என்றான் வேடியப்பன்.

"எதையும் மறைக்க வேணாம். நம்ம பழக்க வழக்கத்த..." என்று தொடங்கியவர் ரேணுகாவைப் பார்த்தார். நிறுத்திக்கொண்டார். ஆறாம் வகுப்பில் அவள் புத்தகப் பையில் யாரோ செத்த எலியைப் போட்டிருந்தார்கள். அதை வெளியே எடுத்து எறிந்தவர் அவர்தான். அவள் முன்னால் அந்தச் சொல்லை அவரால் சொல்ல முடியவில்லை. "புரியுதில்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பெடலை மிதித்தார்.

அந்த ஆறாம் வகுப்புக்குப் பிறகு ரேணுகா எலிக்கறி சாப்பிட்டதில்லை. வீட்டில் சமைக்கவும் விட்டதில்லை. வேடியப்பனும் கன்னியம்மாளும் வயற்காட்டிலேயே சுட்டுத் தின்றுவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றி யாரும் பேசியதில்லை.

வாத்தியார் போனதும் அவள் அப்பாவிடம் வந்தாள்.

"நைனா, அவரு கேட்டா அதெல்லாம் இல்லன்னு சொல்லிடணும்."

"எதெல்லாம்?"

"உனக்குத் தெரியாதா?"

வேடியப்பன் பீடியை அணைத்தான். "வாத்தியாரு மறைக்க வேணான்னாரே."

"அவரு சொல்வாரு. எலி துன்றவன் பொண்ண புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்க வெப்பாங்களா? நீயே சொல்லு."

"அது வாஸ்தவந்தான்" என்றாள் கன்னியம்மாள்.

வேடியப்பனுக்கும் அதுவே சரியென்று பட்டது. அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓர் உடும்புக்காக வனத்துறை ஆட்கள் அவனைப் பிடித்துப்போய் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அப்போதும் கையில் காகிதம் வைத்திருந்த ஒருவர் நல்லபடியாகத்தான் கேட்டார். என்னென்ன பிடிப்பாய், எங்கே விற்பாய் என்று கேட்டார். இவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அப்புறம்தான் அடித்தார்கள்.

விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. கடப்பாரையும், புகை போடும் பானையும், சுருக்குக் கம்பியும் வைக்கோலுக்கு அடியில் போயின. பக்கத்துக் குடிசையிலிருந்து பிள்ளையார் காலண்டர் ஒன்றை வாங்கி ரேணுகா சுவரில் மாட்டினாள். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஏழு கற்கள் இருந்தன. கன்னிமார். வெள்ளிக்கிழமை என்பதால் கன்னியம்மாள் அதிகாலையிலேயே மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள். இப்போது பெரிய கூடை ஒன்றைக் கொண்டுவந்து அவற்றின் மேல் கவிழ்த்தாள்.

"கோச்சிக்காதீங்க தாயே" என்றாள். "ஒரு நாழிதான்."

ஜீப் ஒன்பதரைக்கு வந்தது. ராஜமாணிக்கம் முதலில் இறங்கினார். பேராசிரியர் கோதண்டராமனுக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கேமரா. குனிந்து குடிசைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓட்டுத் துண்டு நகர்ந்து நாற்காலி ஆடியது. கண்டுகொள்ளாததுபோல் இருந்துவிட்டார்.

"நீங்களும் உக்காருங்க."

வேடியப்பன் உட்காரவில்லை. கன்னியம்மாள் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார். அவர்கள் வீட்டில் வெளியாள் வாய் வைத்துக் குடிப்பது அதுதான் முதல் தடவை. கன்னியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

பேராசிரியர் அச்சடித்த தாள் ஒன்றை அட்டையில் வைத்துக் கிளிப் போட்டார்.

"நீங்க இருளர்தானே?"

"ஆமாங்க சாமி."

"சாமி வேணாம். சார்னு சொல்லுங்க."

"சரிங்க சாமி."

அவர் சிரித்தார். "என்ன வேலை பாக்கறீங்க?"

"ரைஸ் மில்லுல நெல்லு அவிக்கிறங்க. இவளும் அங்கதான், களத்துல நெல்லு காய வைக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் கூலிதாங்க."

"உங்க அப்பா பாம்பு புடிப்பாரா?"

வேடியப்பனின் அப்பா பாம்பு கடித்துத்தான் செத்தார். செங்கம் பக்கத்தில், ஒரு கிணற்று மேட்டில். தோல் வாங்கும் வியாபாரி முன்பணம் கொடுத்திருந்த பாம்பு.

"இல்லீங்க சாமி."

பேராசிரியர் ஒரு கட்டத்துக்குள் எழுதினார்.

"வயல்ல எலி வெட்டுவீங்களா?"

"இல்லீங்க சாமி."

"சாப்பிடறது?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க. சோறு, கொழம்புதாங்க. வெள்ளிக்கெழம கவுச்சியே கெடையாது."

"பொரட்டாசி மாசம் முழுக்கத் தொடமாட்டோங்க" என்று கன்னியம்மாள் சேர்த்துக்கொண்டாள்.

ராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார். "வேடியப்பா, சார் கேக்கறத நல்லா யோசன பண்ணிச் சொல்லு."

"யோசன பண்ணித்தாங்க சார் சொல்றேன்."

ரேணுகா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா தடுமாறாமல் பேசுவது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"எந்தச் சாமியக் கும்பிடுவீங்க?"

"அண்ணாமலையாருங்க. அப்பறம் புள்ளையாரு. தோ, படங்கூட மாட்டிக்கீது."

"கன்னிமார்?"

குடிசைக்குப் பின்னால் காற்று கூடையைத் தட்டும் சத்தம் கேட்டது.

"இல்லீங்க சாமி."

"மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போறதுண்டா?"

வேடியப்பனுக்கு வியர்த்தது. இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் சொன்னார்கள்? மாசிப் பௌர்ணமிக்கு இருளர்கள் எல்லாரும் அந்தக் கடற்கரையில்தான் கூடுவார்கள். அங்கே மணலில் வைத்துத்தான் அவன் கன்னியம்மாளுக்குத் தாலி கட்டினான். அலை வந்து இருவர் காலையும் நனைத்தபோது கட்டினான். ரேணுகாவுக்கு மொட்டை போட்டதும் அங்கேதான்.

"அவ்ளோ தூரம் எங்கங்க போறது. கார்த்திக தீபத்துக்குப் போவோம்."

"உங்க கல்யாணம் எங்க நடந்தது?"

"இங்கதாங்க, கோயில்ல. ஐயரு வெச்சி."

கன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பேராசிரியர் இன்னும் இருபதுக்கு மேல் கேள்விகள் கேட்டார். பச்சிலை மருந்து தெரியுமா, தேன் எடுப்பீர்களா, சாவு விழுந்தால் புதைப்பீர்களா? வேடியப்பனுக்கு இப்போது பயம் போய்ப் பழகிவிட்டிருந்தது. இல்லீங்க சாமி, இல்லீங்க சாமி என்று சொல்லிக்கொண்டே போனான். கடைசியில் பேராசிரியர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நல்லா இருக்கீங்க" என்றார். "சுத்தமா, நாகரிகமா. பொண்ணையும் படிக்க வெச்சிருக்கீங்க. சந்தோஷம்."

"எல்லாம் உங்களமாதிரி பெரியவங்க..." என்றான் வேடியப்பன்.

"ஆனா, நான் எப்படி எழுதறது?"

வேடியப்பனுக்குப் புரியவில்லை.

"இருளர்னு நீங்க சொல்றீங்க. இருளருக்கு உண்டானது ஒண்ணுகூட இங்க இல்லயே." அட்டையைத் திருப்பி ராஜமாணிக்கத்திடம் காட்டினார். "போன மாசம் கள்ளக்குறிச்சிப் பக்கம் எட்டுக் குடும்பம். இதே மாதிரி கூப்பிட்டுப் போனாங்க. இருளரே இல்ல. நெலம் நீச்சு இருக்கறவங்க. இந்தச் சலுகை நெஜமான இருளருக்குப் போய்ச் சேரணும் சார். அவங்க எங்கயோ காட்டோரத்துல எலியப் புடிச்சுச் சாப்டுட்டு இருக்காங்க. அவங்க எடத்த இன்னொருத்தர் எடுத்துடக் கூடாது. அதுக்குத்தான் இந்த வெயில்ல அலையறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. எழுந்தார்.

ரேணுகா வாசற்காலை விட்டு வெளியே வந்தாள்.

"சார், நாங்க எலி சாப்பிடுவோம்."

அந்த வாக்கியத்தை அவள் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. சொன்னபிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கேமராவைப் பார்த்தாள்.

"இப்ப எதுக்கும்மா சொல்ற?"

"முன்னாடி சொன்னது பொய் சார். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"ஏன்?"

கன்னியம்மாள்தான் சொன்னாள். "பெரியவரு ஊட்டுக்கு வர்றீங்க. ஒங்ககிட்ட போயி எலி துன்றோம்னு எப்பிடிங்க சொல்றது? வெக்கமா இருக்காதா?"

"சாமி, பொய் சொல்லிட்டேன்" என்றான் வேடியப்பன். "இன்னா கேசு போட்டாலும் என் மேல போட்டுக்கங்க. எலி வெட்டுவேன். பாம்பு புடிப்பேன். உடும்பு ஜாஸ்தி இல்லீங்க, ரெண்டு வாட்டி."

"சார், எனக்கு இவங்கள எட்டு வருஷமா தெரியும்" என்றார் ராஜமாணிக்கம். "கூச்சப்பட்டுட்டாங்க. நான் நேத்தே வெவரமா சொல்லியிருக்கணும்."

"நீங்க சொல்லிக் குடுத்தீங்கன்னு வேற ஆயிடும்" என்றார் பேராசிரியர்.

கன்னியம்மாள் கூடையை எடுத்துக் காட்டினாள். அவர் வேப்பமரத்தடியில் குந்தி உட்கார்ந்து ஏழு கற்களையும் பார்த்தார். ஒன்றைத் தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"ஈரம் காயலையே. இன்னைக்குப் பூசினதா?"

"ஆமாங்க. வெள்ளிக்கெழமங்க."

அவர் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். எதுவும் எழுதவில்லை.

வேடியப்பன் அதற்குள் வைக்கோலைக் கலைத்துக் கடப்பாரையையும் பானையையும் வெளியே எடுத்திருந்தான். "வாங்க சாமி" என்றான். "கண்ணால பாத்துடுங்க."

ஏரிக்குக் கீழே தசரதனின் வயல். கிணற்றுப் பாசனத்தில் சொர்ணவாரி நெல் கதிர் விட்டிருந்தது. வேடியப்பன் வரப்பில் நடந்தான். இரண்டு இடத்தில் நின்று குனிந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான். மூன்றாவது இடத்தில் மண்ணை எடுத்து முகர்ந்தான். சுற்றிலும் தேடி மூன்று பொந்துகளைச் சேற்றால் அடைத்தான். நாலாவது பொந்தில் பானையின் வாயை வைத்துச் சுற்றி மண் அப்பினான். பானைக்குள் வைக்கோல் திணித்திருந்தது. தீ வைத்து, பானையின் அடியிலிருந்த சிறிய ஓட்டையில் வாய் வைத்து ஊதினான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது. வரப்பில் எங்கெங்கோ புகை கசிந்தது. கசிந்த இடங்களைக் கன்னியம்மாள் ஓடி ஓடி மிதித்தாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவள் கால் தானே போயிற்று.

பேராசிரியர் படம் எடுத்தார். அவர் முகம் மாறியிருந்தது. "ராஜமாணிக்கம் சார், பானையப் பாத்தீங்களா" என்றார். "வெள்ளக்காரன் காலத்துப் புத்தகத்துல இதே மாதிரி படம் போட்டிருக்கு."

தசரதன் கிணற்று மேட்டிலிருந்து வந்தார்.

"டேய் வேடியப்பா, கதிரு நிக்கறப்ப வரப்ப வெட்டுறியே, அறிவு கீதாடா?"

"மூடிக் குடுத்துட்றங்க ஐயா."

"யாரு இவரு?"

ராஜமாணிக்கம் விஷயத்தைச் சொன்னார். தசரதன் சிரித்தார். "இவன் இருளனா இல்லயான்னா? இதுக்கு மெட்ராஸ்லேந்து ஒருத்தர் வரணுமா? இவங்கப்பன் எங்க ஊட்டு நெல்லுக் குதிர்ல பாம்பு புடிச்சான் சார். ஊருக்கே தெரியும்."

"நீங்க அத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

தசரதனின் சிரிப்பு நின்றது. "எழுத்து கிழுத்தெல்லாம் நமக்கு எதுக்கு சார்? நாளைக்குக் கோர்ட்டு கச்சேரின்னு இழுப்பாங்க." ரேணுகாவை மேலும் கீழும் பார்த்தார். "இதுவும் வாத்திச்சியா பூட்டா களையெடுக்க யாரு வருவாங்க?" என்றவர் திரும்பிக் கிணற்று மேட்டுக்குப் போய்விட்டார்.

வேடியப்பன் வரப்பைக் கடப்பாரையால் பிளந்து கையை முழங்கை வரை விட்டான். மூன்று எலிகள் வந்தன. புகையில் மயங்கியிருந்தன. ஒவ்வொன்றையும் வாலைப் பிடித்து வரப்புக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினான். மறுபடி கையை விட்டு எலி சேர்த்து வைத்திருந்த நெற்கதிர்களை அள்ளினான். கன்னியம்மாள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். அதையும் பேராசிரியர் படம் எடுத்தார்.

வரப்பிலேயே தீ மூட்டினார்கள். கன்னியம்மாள் எலிகளை வாட்டி மயிரைச் சுரண்டி, வயிற்றைக் கீறி வாய்க்காலில் அலசி, உப்பு தடவித் தணலில் வைத்தாள். ஒரு பேச்சும் இல்லாமல், ஒரு தப்பும் இல்லாமல் செய்தாள். பேராசிரியர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை எடுத்துத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். வேடியப்பன் அதைப் பார்த்தான். இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாதுன்னு சொன்னீங்களே" என்றார் அவர், எழுதிக்கொண்டே.

"அதுவும் பொய்தாங்க சாமி."

வேடியப்பன் தின்றான். கன்னியம்மாள் தின்றாள். ராஜமாணிக்கம் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொண்ணு சாப்பிடலையா?" என்றார் பேராசிரியர்.

கன்னியம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"சான்றிதழ் பொண்ணு பேருக்குத்தானே" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அவர் தாளில் அதற்கும் ஒரு கட்டம் இருந்தது.

"அது பள்ளிக்கூடம் போற பொண்ணுங்க" என்றான் வேடியப்பன். "நாங்கதான் சாப்பிட்டமே."

"குடும்மா" என்றாள் ரேணுகா.

கன்னியம்மாள் ஒரு தொடைச் சதையைப் பிய்த்து நல்லதாகப் பார்த்துக் கொடுத்தாள். ரேணுகா அதை வாயில் போட்டாள். பேராசிரியர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அவள் மென்றாள். நாலைந்து தடவை மென்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவைப்போல் தலையைக் கொஞ்சம் சாய்த்து விழுங்கப் பார்த்தாள். தொண்டை இறங்கி மேலேறியது. அப்படியே திரும்பி வரப்பில் கையை ஊன்றி வாந்தி எடுத்தாள். காலையில் குடித்த டீயும் வந்தது. ஒன்றும் இல்லாமல் போன பிறகும் குமட்டிக்கொண்டிருந்தாள்.

கன்னியம்மாள் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி குடு" என்றாள் ரேணுகா. "இப்ப துன்னுட்றேன்."

"வேணாம்மா" என்றார் பேராசிரியர். கேமராவின் மூடியைப் போட்டார். "வேணாம். நீ உக்காரு."

அவர் ராஜமாணிக்கத்தைத் தள்ளி அழைத்துப்போனார். காற்று அவர்கள் பக்கமிருந்து வீசியதால் எல்லாம் கேட்டது.

"பெத்தவங்க விஷயத்துல எனக்குப் பெரிய சந்தேகம் இல்ல சார். ஆனா முதல் பதில் எல்லாத்தையும் நான் எழுதியாச்சு. முப்பத்திநாலு கேள்விக்கும் இல்ல. அத அடிச்சுட்டு ஆமான்னு எழுதினா, எதனால மாத்தினேன்னு மேல கேப்பாங்க. நான் இல்லன்னு சொன்னதுக்கு அப்பறம்தான் எல்லாம் வெளிய வந்தது. அந்தப் பொண்ணுக்கு அது ஒத்துக்கவே இல்ல. நீங்களே பாத்தீங்க."

"அதுக்கு நாமதான சார் காரணம்" என்றார் ராஜமாணிக்கம். "பள்ளிக்கூடத்துல நாமதான அவள அப்படி ஆக்கினோம்."

பேராசிரியர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். "அதுக்குத் தாள்ல எடம் இல்ல."

குடிசைக்குத் திரும்பியதும் அட்டையை ஜீப்பின் பானெட்டில் வைத்து, தாளின் அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றை ராஜமாணிக்கத்திடம் கொடுத்தார். கிளம்புமுன் வேடியப்பனிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "நான் மறுபடி வர்றேன். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் வாங்க. அங்க பாத்தா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

"மாசிக்கு இன்னும் ஏழு மாசம் கீதுங்களே" என்றான் வேடியப்பன்.

அவர் தலையசைத்தார். ஜீப் கிரிவலப் பாதையில் ஏறிப் போயிற்று.

"இன்னா சார் எழுதிக்கீறாரு?" என்று கேட்டாள் கன்னியம்மாள்.

ராஜமாணிக்கம் தாளைப் பார்த்தார். "மேலும் ஆய்வு தேவை."

"அப்பிடின்னா?"

"இன்னும் பாக்கணும்னு அர்த்தம்."

"இன்னும் இன்னாத்தப் பாக்கறது?"

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை தானே தாசில்தாரிடம் போனார். பேராசிரியரே முடிவாகச் சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது என்றார் தாசில்தார். சான்றிதழுக்குத் தவணை கேட்டுப் பயிற்சிப் பள்ளிக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதிப் போட்டார் ராஜமாணிக்கம். பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை. அன்று காலையில் ரேணுகா தலை வாரிப் பின்னிக்கொண்டு, புத்தகப் பையோடு ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருந்தாள். பதிலோடு வாத்தியார் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அவர் வரவில்லை. கடைசி பஸ்ஸும் போனபிறகு எழுந்து வீட்டுக்கு வந்தாள். கன்னியம்மாள் சோறு போட்டாள். அவள் சாப்பிட்டாள்.

வேடியப்பன் பானையை உடைத்துப் போட்டான். எதற்கு உடைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை. ரெண்டு நாள் கழித்து வேறொரு பானையின் அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்ததும் ரேணுகா அம்மாவோடு மில்லுக்குப் போனாள். அவித்த நெல்லை ஆவி பறக்கக் களத்தில் கொட்டியிருந்தார்கள். அதைக் காலால் அளைந்து வரி வரியாகப் பிரித்துவிட வேண்டும். முதல் நடையிலேயே உள்ளங்கால் வெந்தது. மற்றப் பெண்கள் நின்று நின்று நடந்தார்கள். அவள் நிற்காமல் நடந்தாள். பத்து மணிக்குத் தொண்டை வறண்டது.

களத்து ஓரத்தில் தண்ணீர்ப் பானை இருந்தது; அதற்கென்று ஒருத்தி இருந்தாள். ஜோதியம்மாள். எல்லாருக்கும் சொம்பில் மொண்டு கொடுப்பாள்.

"புதுசா கீற. படிச்ச பொண்ணு மாதிரி கீறியே" என்று சொம்பை நீட்டினாள். "யாரு ஊட்டுப் பொண்ணும்மா?"

"வேடியப்பன் பொண்ணு."

நீட்டிய சொம்பு நடுவில் நின்றது. ஜோதியம்மாள் அதை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டாள்.

"கைய ஏந்து" என்றாள்.

ரேணுகா இரண்டு கையையும் சேர்த்து வாய்க்குக் கீழே பிடித்துக் குனிந்தாள். தண்ணீர் மேலிருந்து விழுந்தது.